வலப்பக்கம் உட்கார்ந்தவர்

என் கணவர் திருமூர்த்தி ஜெர்மனி முழுக்கக் கார் ஓட்டினார் என்பது திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் எல்லாருக்கும் தெரியும். பால்காரருக்குத் தெரியும். எதிர்வீட்டுப் பாத்திரப் பட்டறையில் அண்டா தட்டுகிறவர்களுக்குத் தெரியும். சித்திரை மாதக் கல்யாணங்களில் மட்டும் கண்ணில் படும் தூரத்துச் சொந்தங்களுக்கும் தெரியும்.

ஓட்டியது நான்.

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "சென்னம்மாளுக்குக் குசும்பு ஜாஸ்தி" என்கிறார்கள். ஒரு பெண் ஒரு வாரம் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்துத் தோள்பட்டை வீங்க ஊர் திரும்பி, தான் செய்ததைத் தானே சொன்னால் அதற்குப் பெயர் குசும்பாம்!

எல்லாம் ஒரு ஃபேக்ஸில் ஆரம்பித்தது.

தொண்ணூற்று இரண்டாம் வருஷம். நெருப்பெரிச்சலில் எங்கள் பனியன் கம்பெனி அப்போதுதான் நிமிர்ந்து நின்றிருந்தது. டுசெல்டார்ஃப் நகரத்து யூர்கன் என்பவர் எங்களிடம் டி-ஷர்ட் வாங்கிக் கொண்டிருந்தார். அந்த ஊர்க் கண்காட்சிக்கு என் கணவர் போவதாக ஏற்பாடு. யூர்கன் ஃபேக்ஸ் அனுப்பினார்: "கண்காட்சி முடிந்ததும் உடனே ஓடிவிடாதீர்கள். ஒரு வாரம் தங்குங்கள். ஒரு வாடகைக் காருக்குச் சொல்லி வைக்கிறேன். எங்கள் ஊர்ச் சாலையில் நீங்களே ஓட்டிக் கொண்டு போய்ப் பாருங்கள், அந்தச் சுகமே தனி."

அதைக் கம்பெனியில் இருந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டிய மனிதர், வீட்டுக்கு வந்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"என்னுங்க ஆச்சு?"

"காரு ஓட்டோணுமாம் புள்ளெ."

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. எப்போதோ ஒருமுறை அம்பாசிடரைக் கிளப்பிக் கம்பெனி கேட்டின் தூணைச் சாய்த்தார். அதற்குப் பிறகு யாராவது ஸ்டியரிங் பக்கம் கை காட்டினால் மணிக்கட்டில் வலி என்பார். எங்கே போனாலும் டிரைவர் சோணைமுத்துதான்.

"ரயில்ல போய்க்கறேன்னு எழுதிப் போடுங்க."

"அந்தாளு என்ன நெனைப்பான்? இத்தாம்பெரிய எக்ஸ்போர்ட்டரு, ஒரு காரு ஓட்டத் தெரியாதான்னு கேக்க மாட்டானா? அதுமில்லாம, காரு இருந்தா சின்னச் சின்ன ஊருக் கடையெல்லாம் பூந்து என்ன டிசைன் ஓடுதுன்னு பாத்துட்டு வந்துறலாம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்தது அதுவே முதல் தடவை.

எனக்கு ஓட்டத் தெரியும். காங்கயத்துக்குத் தெற்கே என் அப்பாவுக்குத் தோட்டம். ஆண் பிள்ளை இல்லாத வீடு. டிராக்டரில் நிலக்கடலை மூட்டையை ஏற்றி மார்க்கெட் கமிட்டிக்குக் கொண்டு போய் இறக்கி வந்தவள் நான். பிறகு பழைய ஜீப்பு ஒன்று வந்தது, அதையும் ஓட்டினேன். கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் வாங்கினேன். எட்டுப் போட்டுக் காட்டியபோது, பொம்பளை போடுகிற எட்டை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று அந்த இன்ஸ்பெக்டர் மறுபடி போடச் சொன்னார். போட்டேன்.

கல்யாணம் பேச வந்த இடத்தில் என் மாமனார் ரத்தினசாமி என் அப்பாவிடம் மிக மரியாதையாகச் சொன்னார்: "நம்மூட்டுப் பொம்பளைங்க வண்டி ஓட்டறதில்லீங்க." அவ்வளவுதான். லைசென்ஸ் பட்டுச் சேலைகளுக்கு அடியில் போயிற்று. கம்பெனியில் தைத்த துணியில் பிழை பார்க்கிற செக்கிங் பகுதி முழுக்க என் பொறுப்பு. ஆனால் காலையில் நான் அங்கே போக வேண்டுமென்றால், வீட்டு ஆண்களையெல்லாம் இறக்கிவிட்டுச் சோணைமுத்து திரும்பி வரும்வரை வாசலைப் பார்த்துக் கொண்டு நிற்க வேண்டும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தாலும் கார் சும்மா நிற்கிற நாளாகப் பார்த்துத்தான் போக முடியும்.

"நீயும் வா" என்றார் கணவர். "நீ ஓட்டு."

எட்டு வருஷத்தில் ஊட்டிக்குக்கூடக் கூட்டிப் போகாதவர்! டிரைவர் தேவைப்பட்டதும் பெண்டாட்டிக்குப் பாஸ்போர்ட் எடுக்கிறார்.

"வர்றேனுங்க. ஆனா ஒண்ணு. திரும்பி வந்ததுக்கப்பறம் நம்மூட்டு வண்டிய நான்தான் ஓட்டுவேன். மாமாகிட்ட நீங்க சொல்லோணும்."

"அதுக்கென்ன புள்ளெ."

"அதுக்கென்னங்கறதெல்லாம் வேண்டாம். சத்தியம் பண்ணுங்க."

"சிவன்மலை ஆண்டவர் மேல சத்தியம்" என்றார். அவர் குலமே கும்பிடுகிற சாமி. நம்பினேன்.

வாடகைக் கார் கொடுக்கிற இடத்தில் மேசைக்குப் பின்னால் நின்ற பெண் சாவியை என் கணவர் பக்கம் நீட்டினாள். அவர் அது ஏதோ சூடான பாத்திரம் போல என் பக்கம் தள்ளினார். நான் சர்வதேச லைசென்ஸை எடுத்து வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், என் சேலையைப் பார்த்தாள், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். எந்தக் கேள்வியும் இல்லை. அந்த ஊரில் அதற்குப் பெயர் குசும்பு இல்லை.

அங்கே கார்களில் எல்லாம் தலைகீழ். ஸ்டியரிங் இடப்பக்கம், சாலையில் போவது வலப்பக்கம். நம் வண்டியில் இன்டிகேட்டர் இருக்கிற இடத்தில் அங்கே வைப்பர். திரும்புகிற இடத்திலெல்லாம் நான் இன்டிகேட்டர் என்று நினைத்துக் கையைத் தட்ட, மழையே இல்லாத கண்ணாடியை வைப்பர் துடைக்கும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். பக்கத்தில், அதாவது வலப்பக்கத்து ஸீட்டில், என் கணவர் ஆண்டவரைக் கூப்பிடுவார்.

அவர் காலடியில் ஒன்றும் கிடையாது. ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவர் பிரேக் மிதித்துக் கொண்டே வந்தார். லாரி ஒன்று எங்களைத் தாண்டினால் மிதிப்பார். நான் லாரியைத் தாண்டினால் இரண்டு காலாலும் மிதிப்பார்.

"மெல்லப் புள்ளெ, மெல்ல!"

"இதுக்கு மேல மெல்லப் போனா எறங்கித் தள்ளோணுமுங்க."

மேப்பு அவர் கையில். ரைன் நதி எந்தப் பக்கம் என்று கேட்டால் மேப்பைத் தலைகீழாகத் திருப்புவார். ஆனால் எந்த ஊரில் துணிக்கடை இருந்தாலும் மேப்பு இல்லாமலே கண்டுபிடித்துவிடுவார். "நிறுத்து, நிறுத்து!" நான் வண்டியை ஓரங்கட்டி உட்கார்ந்திருக்க, உள்ளே போய் டி-ஷர்ட்களின் உள்பக்கத்தைத் திருப்பித் திருப்பித் தையல் பார்ப்பார். ஹைடல்பர்க்கில் ஒரு கடைக்காரர் இவரைத் திருடன் என்றே முடிவு கட்டிப் பின்னாலேயே நடந்தார். நதிக்கரை, கோட்டை, கல்பாலம் எல்லாம் நான் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தவைதான். டிக்கி முழுக்கச் சாம்பிள்.

கருங்காடு என்று ஒரு மலை. திம்பம் மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து ஏறுகிற சாலை. மழை வேறு பிடித்துக் கொண்டது. உண்மையிலேயே வைப்பர் வேண்டிய நேரத்தில் என் கை இன்டிகேட்டரைத் தட்டியது. அப்போது என் கணவர் கண்ணை மூடியவர், மலை இறங்கி, ஏரிக்கரையில் நான் வண்டியை நிறுத்திய பிறகுதான் திறந்தார். எதிரில் கடல் மாதிரி ஏரி. அக்கரையில் வேறொரு தேசத்து மலைகள் பனியோடு நின்றன.

"நெசமாலுமே நல்லா ஓட்டறே புள்ளெ" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் குளிரில் நின்று பல்லைக் காட்டிக் கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் பற்றிக் கொண்டு வருகிறது.

படம் எடுத்தது யூர்கன். நாங்கள் புறப்பட்ட காலையில் காருக்கு முன்னால் நின்று, எங்கள் காமிராவில் எடுத்துக் கொடுத்தார். முன்கண்ணாடி வழியாக இரண்டு முகங்கள். வெயில் பட்டுக் கண்ணாடியின் கீழ்ப்பாதி பளபளத்ததால் ஸ்டியரிங் படத்தில் விழவில்லை. காரின் வலப்பக்கம் அவர், கூலிங் கிளாஸ் போட்டு, நெஞ்சை நிமிர்த்தி. இடப்பக்கம் நான், உதட்டைக் கடித்துக் கொண்டு.

ஊருக்கு வந்து படம் கழுவி ஆல்பம் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் கூடினார்கள். ஆல்பம் மாமனார் கைக்குப் போனது. அந்தப் படம் வந்ததும் புரட்டுவதை நிறுத்தினார்.

வலப்பக்கம் உட்கார்ந்தவன் ஓட்டுகிறவன். இடப்பக்கம் உட்கார்ந்தவள் சும்மா வருகிறவள். திருப்பூரில் சின்னக் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

"அடேய்!" என்றார் மாமனார். ஆல்பத்தை உயர்த்திக் காட்டினார். "என்ற பையன் சீமையில காரு ஓட்டறான் பாருங்கடா!"

ஆல்பம் கைமாறியது. "எப்பப் பழகுனீங்க மாப்பிள்ளை?" "சோணைமுத்துகிட்டயே திருட்டுத்தனமாப் பழகியிருப்பாரு!" "சென்னம்மா பயந்து போய் உக்காந்திருக்கறதப் பாரு, ஒதட்டக் கடிச்சுட்டு!"

நான் என் கணவரைப் பார்த்தேன். இப்போது சொல்வார் என்று பார்த்தேன். அவர் முகத்தில் வெட்கம் மாதிரி ஒன்று வந்தது. பிறகு அது சிரிப்பாக மாறியது. காப்பியை எடுத்துக் குடித்தார்.

"நான்தானுங்க ஓட்டுனேன்" என்றேன். "அந்த ஊருல ஸ்டியரிங்கு எடப்பக்கம்."

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கூடமே சிரித்தது.

"அம்மிணி," என்றார் மாமனார் கண்ணைத் துடைத்துக் கொண்டே, "எந்த ஊர்லயாச்சும் எடப்பக்கம் ஸ்டியரிங்கு வெப்பாங்களா? மாத்தி வெச்சா எதுக்க வர்றவன் மேல போயி மோதாதா?"

"எல்லாருமே மாத்தித்தான் ஓட்டுவாங்க மாமா!"

"செரி செரி. நீயே ஓட்டுனே. போயி எல்லார்த்துக்கும் முறுக்கு எடுத்துட்டு வா."

அறைக்குள் கணவரைப் பிடித்தேன்.

"ஏனுங்க, வாயில என்ன கொழக்கட்டையா?"

"அப்பா எத்தன சந்தோசமா இருந்தாரு பாத்தியல்ல. அந்த நேரத்துல போயி நான் ஓட்டலைன்னா எப்படிச் சொல்றது?"

"அப்ப எப்பச் சொல்லுவீங்க?"

"சொல்றேன் புள்ளெ. சமயம் பாத்துச் சொல்றேன்."

"சத்தியம் பண்ணுனீங்க."

"இல்லைன்னனா? கொஞ்சம் பொறு. இப்பப் போயி நீ வண்டிய எடுத்தீன்னா, அவன் வெளிநாட்டுல ஓட்டறான், உள்ளூர்ல பொண்டாட்டிய ஓட்ட உடறான்னு என்னையத்தான பேசுவாங்க?"

பாருங்கள் நியாயத்தை! பொய்யைச் சொன்னதும் இவர், அந்தப் பொய்க்குக் காவல் இருக்க வேண்டியதும் நான்.

பொய் ஒன்றுகூட அவர் சொல்லவில்லை என்று அவர் பிறகு வாதாடினார். வாயைத் திறக்கவில்லையாம், அவர்களாகவே நினைத்துக் கொண்டார்களாம். அடுத்தடுத்த வாரங்களில் வாயும் திறந்தது. கருங்காட்டு மலைப்பாதை அவர் வாயில் ஏறி இறங்கியது. "மழைன்னா மழை, கண்ணே தெரியல. ஒரு பக்கம் பள்ளம். நானு ஸ்டெடியாப் புடிச்சேன் பாருங்க..." கண்ணே தெரியவில்லை என்பது மட்டும் உண்மை. மூடியிருந்தால் எப்படித் தெரியும்?

ஒரு விஷயம் கவனித்தேன். வெளிநாடு போய் வந்த எக்ஸ்போர்ட்காரர்கள் யாராவது வீட்டுக்கு வந்தால் ஆல்பம் பீரோவுக்குள் போய்விடும். சொந்தக்காரர்கள் வந்தால் மேசைக்கு வந்துவிடும்.

மாமனார் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கம்பெனி வரவேற்பறையில் மாட்டினார். தினமும் செக்கிங் பகுதிக்குப் போகிற வழியில் என் முகத்தை நானே பார்த்துக் கொண்டு போனேன். யாரோ ஓட்டுகிற காரில் பயந்து உட்கார்ந்திருக்கிறவளின் முகமாக அது ஆகியிருந்தது. சோணைமுத்து ஒருநாள் படத்தின் முன் நின்று தலையைச் சொறிந்தான். அவன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன்.

"ஏன்க்கா, ஒண்ணு கேக்கட்டுமா? மொதலாளி அங்க போயி எப்படிக்கா ஓட்டுனாரு? இங்க கியரு எதுன்னு கேட்டா ஹேண்ட் பிரேக்கக் காட்டுவாரே!"

"அவரையே கேளு சோணை."

"கேட்டேன்க்கா. அந்த ஊரு காரு தானாப் போகும்னு சொன்னாரு."

தானாகப் போகுமாம். என்னைக் காரிலிருந்தே துடைத்துப் போட்டாயிற்று.

பெரிய அடி அதற்கப்புறம்தான் விழுந்தது. புதிதாக வாங்கிய மாருதி தவுசண்ட் ஷெட்டில் நின்றது. மாமனார் ஒருநாள் சாப்பிட்டுக் கொண்டே அறிவித்தார்: "திருமூர்த்தியே சீமையில ஓட்டறவன். அவனுக்கு எதுக்கு டிரைவரு? சோணைமுத்துவ டெலிவரி டெம்போவுக்குப் போடச் சொல்லிட்டேன். வர்ற வெள்ளிக்கிழம சிவன்மலையில மயில்சாமி மச்சான் பேரனுக்குக் காதுகுத்து. குடும்பத்தோட தவுசண்ட்ல போறோம். என்ற பையன் ஓட்டறான்."

கணவர் கையில் எடுத்த ரசச்சோறு அப்படியே நின்றது.

அன்றைக்கு மாலை என் பின்னாலேயே சுற்றினார். "எனக்கு மணிக்கட்டு வலின்னு நீ அப்பாகிட்டச் சொல்லு புள்ளெ."

"உங்க மணிக்கட்டு, உங்க அப்பா. நீங்களே சொல்லுங்க."

"நீ சொன்னா நம்புவாரு."

"நான் சொன்னா நம்புவாரா? நான்தான் ஓட்டுனேன்னு சொன்னனே, நம்புனாரா?"

"புள்ளெ, மானம் போயிரும்."

"என்ற மானம் கம்பெனி ரிசப்ஷன்ல சட்டம் போட்டுத் தொங்குது. அதப் பத்தி உங்களுக்குக் கவலை உண்டா?"

வெள்ளிக்கிழமை காலை. சந்தனம், பூ, சீர்த்தட்டு எல்லாம் டிக்கியில். மாமனாரும் மாமியார் பெரியாத்தாளும் பின்ஸீட்டில். பார்ப்பதற்குப் பக்கத்து வீட்டார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எதிரே பாத்திரப் பட்டறையில் தட்டுகிற சத்தம் நின்றது. சீமை டிரைவரைப் பார்க்க அவர்களும் சுத்தியலோடு வந்து நின்றார்கள். கணவர் சாவியைப் பிடித்துக் கொண்டு காரைச் சுற்றி வந்து என் காதோரம் குனிந்தார்.

"நீ போயி ஸ்டியரிங்குப் பக்கம் உக்காரு புள்ளெ. நான் ஏதாச்சும் சொல்லிச் சமாளிச்சுக்கறேன்."

அதாவது அப்போதும் உண்மை இல்லை, 'ஏதாச்சும்'தான். எனக்குள் எதுவோ அறுந்தது. இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

"அந்த ஊருல நான் எந்தப் பக்கம் உக்காந்தனோ அந்தப் பக்கமே உக்காந்துட்டேனுங்க. நீங்களும் அங்க உக்காந்த பக்கமே உக்காருங்க. படத்துல இருக்கற மாதிரியே. ஓட்டுங்க போலாம்."

மாமனார் பின்னாலிருந்து, "அதான! எடு கண்ணு வண்டிய" என்றார்.

அவர் உட்கார்ந்தார். சாவியைத் திருகினார். வண்டி முன்னால் துள்ளி அணைந்தது. மறுபடி திருகினார். ரிவர்ஸ் போட வேண்டும் என்பது தெரிந்திருந்தது. கிளட்ச்சை மெல்ல விட வேண்டும் என்பது தெரியாது. நான் கையைக் கட்டிக் கொண்டு நேரே பார்த்தேன். கார் பின்பக்கமாகப் பாய்ந்து, வாசலைத் தாண்டி, வீதியைத் தாண்டி, பட்டறை முன்னால் அடுக்கி வைத்திருந்த பித்தளை அண்டாக்களுக்குள் போய் நின்றது.

அனுப்பர்பாளையத்தில் பிறந்தவர்கள் பாத்திரச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்றைக்குத் திரும்பினார்கள். ஓர் அண்டா வீதி முனை வரைக்கும் உருண்டு போய்ப் பஸ்ஸை நிறுத்தியது.

"வீதியில உருண்டு போற அண்டா எங்குளதுதானுங்க," என்று பட்டறைக்காரர் பஸ் டிரைவரைப் பார்த்துக் கத்தினார். "மேல ஏத்திப் போடாதீங்க!"

கணவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்தேன்.

"எறங்குங்க."

இறங்கினார். நான் உட்கார்ந்தேன். ஸீட்டை முன்னால் இழுத்தேன், கண்ணாடியைச் சரி செய்தேன். எட்டு வருஷம் கழித்து என் ஊரில் எனக்கு ஒரு ஸ்டியரிங்.

பின்ஸீட்டில் மாமனார் கதவைத் திறந்தார். "பொம்பள ஓட்டற வண்டியில நான் வரலீங்க. பஸ்ஸுக்குப் போயிக்கறேன்."

மாமியார் நகரவில்லை. "நீங்க பஸ்ஸுல வாங்க. ஆம்பள ஓட்டுன வண்டியில நான் ஒருக்கா உசுரு தப்பிட்டேன். இது போதும் எனக்கு."

மாமனார் வீதியைப் பார்த்தார். வீதி முழுக்க அவரைப் பார்த்துக் கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டுத் துண்டை முகத்தில் போட்டுக் கொண்டார்.

நசுங்கிய அண்டாவுக்கு மறுநாள் வந்து பேசுவதாகப் பட்டறைக்காரரிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். டவுனுக்குள் முதல் திருப்பத்தில் என் கை பழக்கத்தில் எதையோ தட்டியது. கொளுத்துகிற வெயிலில் வைப்பர் வறக் வறக்கென்று கண்ணாடியைத் துடைத்தது.

"என்ன அம்மிணி, மழையே காணமே?" என்றார் மாமியார்.

"அந்த ஊரு வண்டியில இந்தப் பக்கந்தானுங்க அத்தை இன்டிகேட்டரு. கை அதுலயே பழகிருச்சு."

மாமியார் வைப்பரைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். முன்ஸீட்டில் இல்லாத பிரேக்கை மிதித்துக் கொண்டிருந்த தன் மகனின் காலையும் பார்த்தார். பிறகு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

சிவன்மலை அடிவாரத்தில் மயில்சாமிப் பெரியப்பா எதிர்கொண்டு வந்தார். மாமனாரின் தங்கையைக் கட்டியவர். எந்தக் கூட்டத்திலும் அவர் குரல்தான் உயர்ந்து கேட்கும். நான் வலப்பக்கக் கதவைத் திறந்து இறங்கியதைப் பார்த்தார். பத்துப் பேர் கேட்கக் கையைத் தட்டினார்.

"பரவால்லையே மாப்பிள்ளை! அதுக்குள்ள பொண்டாட்டிக்குச் சொல்லிக் குடுத்துட்டியே! சீமையில ஓட்டுனவன்னா சும்மாவா?"

எல்லாரும் என் கணவரைப் பார்த்தார்கள். நான் சாவியைக் கையில் வைத்துக் கொண்டு அவரைப் பார்த்தேன். மலைமேல் கோபுரம் தெரிந்தது. சத்தியம் செய்தபோது பேரைச் சொன்ன சாமி அங்கேதான் இருந்தது. அவரும் ஒரு தடவை நிமிர்ந்து மேலே பார்த்தார்.

"இல்லீங்க மாமா," என்றார். "எனக்கு ஓட்டவே தெரியாதுங்க. அங்கயும் அவதான் ஓட்டுனா. நான் சும்மா பக்கத்துல உக்காந்துட்டு வந்தேன்."

சொல்லிவிட்டார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னதான் இருந்தாலும்...

மயில்சாமிப் பெரியப்பா என் கணவரின் தோளைத் தட்டினார்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! பொண்டாட்டிக்கு எப்படி உட்டுக் குடுத்துப் பேசறான்! இந்தக் காலத்துல எவன் இப்படிச் சொல்லுவான்? தங்கம்டா மாப்பிள்ளை நீ. சென்னம்மா, நீ குடுத்து வெச்சவ கண்ணு!"

சுற்றி நின்ற பெண்கள் "ஆமாங்க, ஆமாங்க" என்றார்கள். ஒருத்தி தன் புருஷனை முறைத்துக் காட்டி, "கத்துக்குங்க" என்றாள். பொய் சொன்னபோது கார் ஓட்டியவர் ஆனார். உண்மையைச் சொன்னதும் உத்தமர் ஆகிவிட்டார். இரண்டு பக்கமும் அவருக்கே மாலை. எனக்கு எந்தப் பக்கமும் ஒன்றுமில்லை!

"உட்டுக் குடுக்கலீங்க அண்ணா," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. என் மாமியார். "அவனுக்கு நெசமாலுமே தெரியாது. காலையில எதுத்தூட்டு அண்டா அத்தனையும் நசுக்கிப் போட்டுட்டுத்தான் வந்துருக்கான்."

"புது வண்டின்னா அப்படித்தான் இருக்கும்," என்றார் பெரியப்பா. "வாங்க, நேரமாச்சு, குழந்தைய மடியில வெக்கோணும்."

காதுகுத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. அந்தக் கூட்டத்தில் என் மனசு அறிந்து பேசியது அது ஒன்றுதான்.

திரும்பும்போது பெரியப்பா தம் வீடு இருக்கிற நல்லூர் வரைக்கும் எங்கள் வண்டியில் வருவதாகச் சொன்னார். பெரியவர் என்று முன்ஸீட்டில் உட்கார்ந்தார். என் கணவர் பின்னால், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இடுங்கி உட்கார்ந்தார். காங்கயம் ரோட்டில் ஏறியதும் பெரியப்பா ஆரம்பித்தார்.

"நல்லாத்தான் ஓட்டறே கண்ணு. ஆனா ஒண்ணு சொல்றேன். அவன் பெருந்தன்மையா உட்டுக் குடுத்தான்னா நீ உடனே ஆமாங்கக் கூடாது. 'இல்லீங்க, எல்லாம் அவரு சொல்லிக் குடுத்ததுதானுங்க'ன்னு சொல்லோணும். அதுதான் குடும்பத்துக்கு அழகு."

நான் கியரை மாற்றினேன்.

"சீமையில, அந்த மழையில, மலைப்பாதையில ஓட்டறதுன்னா சும்மாவா? மாப்பிள்ளை எங்கிட்டச் சொன்னானே! அதையெல்லாம் போயி ஒரு பொம்பள..."

நல்லூர் எல்லை வந்திருந்தது. அவர் வீட்டுக்கு இன்னும் நாலைந்து வீதி போக வேண்டும். மத்தியான வெயிலில் தார் உருகிக் கொண்டிருந்தது. நான் ஓரங்கட்டி நிறுத்தினேன்.

"எறங்குங்க பெரியப்பா."

"என்ன கண்ணு, ஊடு இன்னும்..."

"எறங்குங்க."

அவர் திரும்பிப் பின்ஸீட்டைப் பார்த்தார். என் மாமனார் முகத்தில் இப்போது துண்டு இல்லை. ஜன்னல் வழியாக எங்கேயோ பார்த்துக் கொண்டிருந்தார். எனக்காக அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை; பெரியப்பாவுக்காகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"எறங்குங்க மச்சான்," என்றார் வெளியே பார்த்தபடியே. "வண்டி ஓட்டறவங்க சொன்னாக் கேக்கோணும்."

பெரியப்பா இறங்கினார். கதவை ஓங்கிச் சாத்தினார். கண்ணாடியில் அவர் சிறிதாகிக் கொண்டே போனார். என் கணவர் முன்ஸீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. கம்பெனி வரவேற்பறையில் அந்தப் படம் இன்னும் தொங்கிக் கொண்டிருந்தது. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நெருப்பெரிச்சல் சாலையில் வண்டியை விட்டேன்.

"எங்க அம்மிணி போறே?" என்றார் மாமனார்.

"கம்பெனிக்குங்க மாமா. ஒரு படத்தக் கழட்டோணும். ஆணி உயரத்துல இருக்குது. ஸ்டூல அவரு புடிச்சுக்கட்டும்."

இன்டிகேட்டரைத் தட்டினேன். மறுபடியும் வைப்பர்தான் ஓடியது. யாரும் சிரிக்கவில்லை.